கார்த்திகை மழையும் மார்கழிப் பனியும்: எந்த வண்டி எப்படிச் சமாளிக்கும்? கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கான கேள்வி பதில்

நம் ஊரில் பனிக்கட்டியே விழுவதில்லை. குளிர்காலத்துக்கென்று காரைப் பற்றி யோசிப்பது எதற்கு?

பனிக்கட்டி விழாது, சரி. ஆனால் ஐப்பசியில் தொடங்கி மார்கழி முடியும்வரை நம் சாலைகள் வேறு சாலைகள். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் இந்த வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டுகிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியது. 2020 நவம்பரில் நிவர். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் தெருக்கள் ஏரியாகிவிட்டன. அடுத்த இரண்டு நாளில் வெள்ளம் அரசூர் பக்கம் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை மீதே ஏறி ஓடியது.

மழை ஓய்ந்தால் மார்கழி மூடுபனி. அதோடு கரும்பு வெட்டு தொடங்கி சாலையில் சேறு. தையில் சம்பா அறுவடை வந்ததும் தார் ரோட்டிலேயே நெல் காயும். ஆக நமக்குக் குளிர்காலம் என்றால் தண்ணீர், சேறு, மூடுபனி. பனிநாடுகளில் ஓட்டுகிறவர்கள் சொல்லும் பாடங்களில் பாதி நமக்கும் அப்படியே பொருந்தும், ஏனென்றால் அங்கேயும் இங்கேயும் பிரச்சினை டயருக்கும் தரைக்கும் நடுவில்தான். மீதிப் பாதி நம் ஊருக்கு உதவாது. எது எது என்று பிரித்துப் பார்ப்போம்.

என் கார் முன் வீல் டிரைவா, பின் வீல் டிரைவா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20, டியாகோ, நெக்ஸான், பிரெஸ்ஸா, கிரெட்டா, எர்டிகா, இன்னோவா ஹைகிராஸ் எல்லாம் முன் சக்கரம் இழுக்கிற வண்டிகள். பொலேரோ, இன்னோவா கிரிஸ்டா, ஈகோ, ஃபார்ச்சூனரின் சாதாரண மாடல், டாடா ஏஸ், அந்தக் கால அம்பாசடர் எல்லாம் பின் சக்கரம் தள்ளுகிற வண்டிகள். சந்தேகம் இருந்தால் பின்பக்கம் குனிந்து பாருங்கள். இரண்டு பின் சக்கரத்துக்கும் நடுவில் பூசணிக்காய் மாதிரி ஒரு இரும்பு உருண்டையும், அதை நோக்கி முன்னாலிருந்து வருகிற நீளமான ஷாஃப்ட்டும் தெரிந்தால் பின் சக்கரத்துக்குச் சக்தி போகிறது.

மின்சாரக் கார்களில் இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. நெக்ஸான் இவி-யில் மோட்டார் முன்னால். மஹிந்திரா பிஇ 6-இல் பின்னால். ஹாரியர் இவி-யின் உயர்ந்த மாடலில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

ஈரமான சாலையில் எது நல்லது?

வீட்டிலிருந்து புறப்பட்டு, இந்திரா காந்தி சதுக்கம் வழியாக வில்லியனூரோ, மஞ்சக்குப்பம் வழியாக நெல்லிக்குப்பமோ போய் வருகிற குடும்பத்துக்கு முன் வீல் டிரைவ் தாராளமாகப் போதும். இன்ஜின் எடை இழுக்கிற சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஈரத்தில் நின்று கிளம்பும்போது சக்கரம் சும்மா சுற்றுவது குறைவு. தவறு செய்தாலும் அது செய்கிற தவறு சமாளிக்கக்கூடியது: வளைவில் வேகமாகப் போனால் வண்டி வளையாமல் நேராக வெளிப்பக்கம் நழுவும். அப்போது ஆக்சிலரேட்டரை மெதுவாக விட்டு, ஸ்டியரிங்கை இன்னும் இன்னும் திருப்பாமல் பிடித்திருந்தால் முன் டயர் மறுபடி பிடித்துக்கொள்ளும். பயத்தில் எல்லாரும் செய்வது இதற்கு நேர்மாறு. கூடுதலாகத் திருப்புகிறார்கள், பிரேக்கையும் ஓங்கி மிதிக்கிறார்கள்.

பின் வீல் டிரைவில் பின்புறம் வீசும். வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரை அமுக்கினால் பின் டயர் பிடி விட்டு வால் வெளியே போகும். வால் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பி, ஆக்சிலரேட்டரைப் பதற்றமில்லாமல் விட வேண்டும். சொல்வது சுலபம், முதல் தடவை நடக்கும்போது கை அதைச் செய்யாது. புது வண்டி எடுப்பவர்கள் ஈஎஸ்பி உள்ள மாடலாக எடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். நம் கை யோசிப்பதற்கு முன்பே அது தனித்தனிச் சக்கரத்துக்குப் பிரேக் கொடுத்து வண்டியை நேராக்கும். சன்ரூஃபுக்குக் கொடுக்கிற பணத்தை இதற்குக் கொடுங்கள்.

பொலேரோ வைத்திருக்கிறேன். ஆள் ஏற்றிப் போகும்போது நன்றாக இருக்கிறது, தனியாகத் திரும்பும்போது மழையில் ஆடுகிறது. ஏன்?

காலி வண்டியில் பின் சக்கரத்தின் மேல் எடை இல்லை. பாரம் தாங்குவதற்காகப் போட்ட கெட்டியான பட்டை ஸ்பிரிங் காலியாக இருக்கும்போது குதிக்கிறது. குதிக்கிற டயர் தரையைப் பிடிக்காது. டாடா ஏஸ், பிக்கப் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பண்ருட்டி மண்டியில் பலாவை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிற வண்டிதான் மழையில் சுற்றி நிற்கும், பாரத்தோடு போன வண்டி இல்லை. காலியாக இருக்கும்போது வேகத்தைக் குறையுங்கள், கியர் குறைக்கும்போது கிளட்சைப் பட்டென்று விடாதீர்கள். பின் டயரில் பாரத்துக்கு ஏற்றிய காற்று அப்படியே இருந்தால் இன்னும் ஆடும். கதவோரம் ஒட்டியிருக்கிற அட்டவணையில் காலி வண்டிக்கு எவ்வளவு என்று தனியாகப் போட்டிருப்பார்கள்.

இந்த ஊர் மழைக்கு ஃபோர் வீல் டிரைவ் எடுத்துவிட்டால் கவலை இல்லைதானே?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இந்த ஒரு நம்பிக்கையில்தான் நிறைய பேர் லட்சக்கணக்கில் கூடுதலாகச் செலவழிக்கிறார்கள், அப்புறம் தரைப்பாலத்தில் வண்டியை இறக்குகிறார்கள்.

நாலு சக்கரமும் இழுத்தால் என்ன கிடைக்கும்? கிளம்புவதற்கும் ஏறுவதற்கும் கூடுதல் இழுவை. சேற்றில், மணலில், ஈரச் செம்மண் மேட்டில் இது பெரிய விஷயம். ஆனால் பிரேக் போடும்போது எல்லாக் காருமே நாலு சக்கரத்தாலும்தான் நிற்கிறது. ஆல்ட்டோவும் அப்படித்தான், மஹிந்திரா தார் ஜீப்பும் அப்படித்தான். நிற்கிற தூரத்தைத் தீர்மானிப்பது டயர், சாலை, வேகம். அதில் ஃபோர் வீல் டிரைவுக்குப் பங்கே இல்லை. வளைவில் டயர் தாங்குகிற எல்லையும் அதேதான். சொல்லப் போனால் ஆபத்து கொஞ்சம் கூடுகிறது: நாலு சக்கரமும் இழுப்பதால் வண்டி ஈரத்திலும் சுலபமாக வேகம் பிடிக்கிறது, சாலை எவ்வளவு வழுக்குகிறது என்ற செய்தி ஓட்டுகிறவருக்கு வந்து சேருவதில்லை. பனிநாடுகளில் முதல் பனி விழுந்ததும் பள்ளத்தில் கிடக்கிற கார்களில் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளும் இருப்பது இதனால்தான்.

தண்ணீர் ஆழத்துக்கும் எத்தனை சக்கரம் இழுக்கிறது என்பதற்கும் சம்பந்தம் கிடையாது. கூர்க்கா 700 மி.மீ., தார் 650 மி.மீ. தண்ணீரில் போகலாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார் என்றால், இன்ஜின் காற்றை உறிஞ்சும் வாய் உயரமாக இருக்கிறது, மின் இணைப்புகள் மேலே இருக்கின்றன என்று அர்த்தம். அதுவும் நிற்கிற தண்ணீருக்கு. ஓடுகிற தண்ணீர் வேறு. ஒரு அடி ஆழத்தில் ஓடுகிற வெள்ளம் சின்னக் காரைத் தூக்கிவிடும். இரண்டு அடி என்றால் பெரிய எஸ்யூவி உட்பட அநேகமாக எல்லா வண்டியையும் கொண்டுபோய்விடும். சக்கரம் தரையை விட்டு எழும்பிவிட்டால் இரண்டு இழுத்தால் என்ன, நாலு இழுத்தால் என்ன? தென்பெண்ணையிலும் கெடிலத்திலும் தண்ணீர் திறந்துவிட்ட நாளில் தரைப்பாலம் மூழ்கியிருந்தால் வண்டியைத் திருப்புங்கள். பாலத்தின் நடுப்பகுதி இன்னும் அங்கே இருக்கிறதா என்பதே மேலிருந்து பார்த்தால் தெரியாது.

அப்படியென்றால் யாருக்கு அது தேவை? பாகூர், குறிஞ்சிப்பாடி பக்கம் களிமண் வயலுக்குள் வண்டி போக வேண்டியவருக்கு, பண்ருட்டி முந்திரித் தோப்புக்குள் ஈரத்தில் போய் வருகிறவருக்கு, மலைக்கு அடிக்கடி போகிறவருக்கு. அவர்களுக்கு அது காசுக்கேற்ற வேலை செய்யும்.

ஆல் வீல் டிரைவ் என்கிறார்கள், ஃபோர் பை ஃபோர் என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

இல்லை. தார், ஜிம்னி, ஸ்கார்பியோ-என் போன்றவற்றில் லிவரோ பொத்தானோ போட்டால் முன், பின் அச்சு இரண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். எக்ஸ்யூவி 700, கிராண்ட் விட்டாரா போன்றவற்றின் ஆல் வீல் டிரைவ் மாடல்களில் கம்ப்யூட்டர் பார்த்து, முன் சக்கரம் வழுக்கினால் பின்னாலும் கொஞ்சம் சக்தி அனுப்பும். ஈரத் தார் ரோட்டுக்கு இரண்டாவது வகைதான் பொருத்தம். ஆழமான சேற்றுக்கு முதல் வகை.

மழை பெய்யும்போது ஈசிஆரில் ஃபோர் ஹை (இரண்டு அச்சையும் பூட்டுகிற நிலை) போட்டே ஓட்டலாமா?

வேண்டாம். வளைவில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட அதிக தூரம் சுற்ற வேண்டும். இரண்டு அச்சும் பூட்டியிருந்தால் அந்த வித்தியாசத்துக்கு வழியில்லாமல் ஷாஃப்டுகள் முறுக்கிக்கொள்ளும்; ஸ்டியரிங் கனக்கும், கியர்ப் பெட்டி அடிவாங்கும். ஈரமானாலும் கெட்டியான தார் சாலை கெட்டியான சாலைதான். சேறோ மணலோ வந்தால் போடுங்கள், தாண்டியதும் எடுத்துவிடுங்கள்.

சரி, அப்போது எதில்தான் கவனம் செலுத்துவது?

டயரில். நம் ஊர் மழைக்கு இதுதான் முதல் பதில், கடைசிப் பதிலும் இதுதான் என்றே சொல்வேன். எத்தனை லட்சத்துக்கு வண்டி வாங்கினாலும் தரையைத் தொடுவது நாலு டயரில் ஆளுக்கொரு உள்ளங்கை அளவு ரப்பர்.

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவும்போதே இதைப் பார்த்துவிடுங்கள். டயரின் பக்கவாட்டுச் சுவர் மேலே திரும்புகிற இடத்தில் சின்ன முக்கோணக் குறியோ, டி, டபிள்யூ, ஐ என்ற மூன்று எழுத்தோ அச்சிட்டிருக்கும். அதற்கு நேராக உள்ளே போனால், பள்ளத்தின் அடியில் குறுக்காக ஒரு சின்ன ரப்பர் மேடு தெரியும். விரலை விட்டுத் தடவிப் பார்த்தால் பள்ளத்துக்கு நடுவில் அது தட்டுப்படும். டயரின் மேற்பரப்பு தேய்ந்து தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் மீதி 1.6 மி.மீ.; சட்டப்படி டயர் முடிந்துவிட்டது. ஆனால் மழைக்கு அதுவரை காத்திருக்கக் கூடாது. புது டயரில் பள்ளம் ஏழெட்டு மி.மீ. இருக்கும், மூன்றுக்குக் கீழே போனாலே தண்ணீரை வெளியேற்றும் வேலை மோசமாகிவிடும். ஆகஸ்டில் மூன்று மி.மீ. இருந்தால் அக்டோபருக்குள் மாற்றிவிடுங்கள். அந்தச் செலவைத் தள்ளிப்போட்டு ஒரு மழைக்காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைப்பது நம் ஊரில் ரொம்பச் சாதாரணம். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது.

பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 3521 என்றால் 2021-ஆம் ஆண்டின் 35-வது வாரம் செய்தது. வீட்டு வாசலில் வெயிலில் நின்று நின்று ஓடாமலே கெட்டுப்போன டயர்கள் இங்கே நிறைய. பள்ளம் ஆழமாக இருந்தும் ரப்பர் இறுகிப்போய், சுவரில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அதுவும் மழைக்கு ஆகாது.

இரண்டு டயர்தான் மாற்ற முடியும். முன் வீல் டிரைவ் என்பதால் புதியதை முன்னால் போடச் சொல்கிறார் கடைக்காரர். சரியா?

பெரும்பாலான கடைகளில் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் புது டயர் பின்னால் போக வேண்டும், எந்த டிரைவாக இருந்தாலும். முன்னால் பிடி போனால் வண்டி நேராக நழுவும். உங்களுக்கு ஸ்டியரிங்கில் தெரியும், வேகத்தைக் குறைத்துச் சமாளிப்பீர்கள். பின்னால் பிடி போனால் ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் வண்டி சுற்றிவிடும். டயர் நிறுவனங்களே இதைத்தான் பரிந்துரைக்கின்றன. கடையில் கொஞ்சம் பிடிவாதமாகச் சொல்லுங்கள்.

மரக்காணம் பக்கம் மழையில் போகும்போது திடீரென்று ஸ்டியரிங் லேசாகிவிட்டது. என்ன நடந்தது?

டயர் தண்ணீர் மேல் மிதந்தது. பள்ளங்கள் தண்ணீரை ஒதுக்குகிற வேகத்தைவிட வண்டி வேகமாகப் போனால், டயருக்கும் சாலைக்கும் நடுவில் தண்ணீர்ப் படலம் புகுந்து தூக்கிவிடும். அந்த நொடியில் ஸ்டியரிங்கும் வேலை செய்யாது, பிரேக்கும் வேலை செய்யாது. விமானச் சக்கரங்களை வைத்து நாசா செய்த சோதனைகளில் கிடைத்த கணக்குப்படி பார்த்தால், 33 பிஎஸ்ஐ காற்றுள்ள டயர் நல்ல ஆழமான தண்ணீரில் மிதக்கத் தொடங்குவது சுமார் 95 கி.மீ. வேகத்தில். காற்று 25-க்கு இறங்கியிருந்தால் சுமார் 83 கி.மீ.யிலேயே. மழை என்று காற்றைக் குறைத்து வைக்கிற பழக்கம் எவ்வளவு தவறு என்று இதிலேயே தெரிகிறது. தேய்ந்த டயரும், அழகுக்காக அகலமாக மாற்றிய டயரும் சீக்கிரமே மிதக்கும்.

ஈசிஆரில் தண்ணீர் சாலையின் ஓரத்தில்தான் தேங்கும். இடப்பக்கச் சக்கரங்கள் மட்டும் அதில் இறங்கினால் வண்டி அந்தப் பக்கம் வெடுக்கென்று இழுக்கும். மிதந்துவிட்டால் ஆக்சிலரேட்டரை விடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், பிரேக்கைத் தொடாதீர்கள். ஓரிரு நொடியில் டயர் தரைக்கு வந்துவிடும். க்ரூஸ் கண்ட்ரோலை மழையில் போடவே வேண்டாம். முன்னால் போகிற வண்டிக்கும் உங்களுக்கும் வழக்கமாக இரண்டு நொடி இடைவெளி என்றால் மழையில் நாலு நொடி. ஈரத்தில் நிற்கிற தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். ஏபிஎஸ் இருக்கிறதே என்றால், அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்து, பிரேக் போடும்போதே திருப்பவும் வழி கொடுக்கும். இல்லாத பிடிமானத்தை அதனால் உண்டாக்க முடியாது.

தெருவில் தேங்கிய தண்ணீரில் என் கார் எவ்வளவு ஆழம் வரை போகலாம்?

பானெட்டைத் திறங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து முன்பக்கம் போகிற குழாயைக் கையாலேயே தொடர்ந்து போங்கள். பல கார்களில் அது ஹெட்லைட்டுக்குப் பின்னாலோ கிரில்லின் மேல் ஓரத்திலோ வாயைத் திறந்துகொண்டிருக்கும். சிலவற்றில் எதிர்பாராத அளவு கீழே, பம்பர் ஓரமாக இருக்கும். அந்த வாய்க்குக் கீழ் ஓரம் தரையிலிருந்து எத்தனை செ.மீ. என்று டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். அதுதான் உங்கள் வண்டியின் உயிர்நிலை. நடைமுறையில் அதில் பாதிகூட வேண்டாம். சக்கரத்தின் நடு மூடி மூழ்குகிற ஆழம் வந்தால் திரும்பிவிடுவது நல்லது.

இறங்கியே ஆக வேண்டும் என்றால் முதல் கியர், ஒரே சீரான வேகம், நடுவில் கியர் மாற்றக் கூடாது. எதிரே பஸ் வந்தால் அது போகும்வரை காத்திருங்கள். நீங்கள் கணக்குப் போட்ட ஆழம் பஸ் கிளப்புகிற அலையில் ஒரே நொடியில் மாறிவிடும், நிறைய இன்ஜின்கள் போவது அந்த அலையில்தான். சாக்கடை மூடி திறந்திருக்கலாம் என்பதால் தெருவின் நடுவிலேயே போங்கள். கரையேறியதும் லேசாகப் பிரேக்கை மிதித்தபடி கொஞ்ச தூரம் போனால் பிரேக் காய்ந்துவிடும்.

பின் வீல் டிரைவ், ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்காரர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். சூடான டிஃபரன்ஷியல் (முன்பு சொன்ன அந்தப் பூசணிக்காய் உருண்டை) திடீரென்று தண்ணீரில் இறங்கிக் குளிரும்போது காற்றுத் துளை வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். வெள்ளத்தில் போய் வந்த பிறகு அந்த ஆயிலைத் திறந்து பாருங்கள். மோர் நிறத்தில் இருந்தால் உடனே மாற்ற வேண்டும்.

தண்ணீரில் வண்டி நின்றுவிட்டது. என்ன செய்வது?

சாவியைத் திருப்பாதீர்கள், ஸ்டார்ட் பொத்தானையும் அமுக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் அதை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நின்றபோது சில ஆயிரத்தில் முடிந்திருக்கக்கூடிய வேலை, மறுபடி ஸ்டார்ட் செய்ததால் இன்ஜினையே இறக்கும் வேலையாகிவிடும். சாதாரண இன்ஷூரன்ஸில் இந்த மாதிரி இன்ஜின் சேதத்துக்குப் பணம் வராது. இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு கூடுதல் கவர் இருக்கிறது. நம் இரண்டு ஊர்க்காரர்களும் அதைக் கேட்டு வாங்க வேண்டும், பாலிசி புதுப்பிக்கும்போதே.

இழுத்துப் போகும் முறையும் டிரைவைப் பொறுத்தது. முன் வீல் டிரைவ் என்றால் முன் சக்கரங்களைத் தூக்கி இழுக்கலாம். ஆல் வீல் டிரைவ், மின்சாரக் கார் இரண்டையும் சக்கரம் தரையில் உருளும்படி இழுக்கக் கூடாது. மின்சாரக் காரில் சக்கரம் உருண்டால் மோட்டார் மின்சாரம் உண்டாக்கும். தட்டையான லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

மின்சாரக் கார் மழைக்குத் தாங்குமா? ஷாக் அடிக்குமா?

பேட்டரிப் பெட்டி பெரும்பாலும் ஐபி 67 தரத்தில் இருக்கும். அதாவது சோதனைக்கூடத்தில் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்தாலும் உள்ளே தண்ணீர் புகக் கூடாது. காற்று உறிஞ்சும் வாய் இல்லை என்பதால் தெருத் தண்ணீரில் பெட்ரோல் காரைவிடத் தைரியமாகவே போகும். ஆனால் அந்தச் சோதனை புது வண்டிக்கு, அசையாத நல்ல தண்ணீரில். ஃபெஞ்சல் சமயம் போல ஒரு இரவு முழுக்கச் சாக்கடை கலந்த தண்ணீரில் நின்ற வண்டியை நீங்களாகச் சார்ஜ் போடாதீர்கள், ஆன் செய்யாதீர்கள். சர்வீஸ் ஆள் பார்க்கட்டும்.

ஓட்டுவதில் கவனிக்க வேண்டியது வேறு. மோட்டாரின் முழு இழுவையும் காலை வைத்ததுமே வந்துவிடும். ஈரத்தில் சிக்னலில் கிளம்பும்போது சக்கரம் சுற்றும். ஈக்கோ மோடில் வையுங்கள். காலை எடுத்ததும் மோட்டாரே பிரேக் பிடிக்கிற வசதி, இழுக்கிற அச்சில் மட்டும் பிடிக்கும். வழுக்கலில் அது பலமாக இருந்தால், பின் மோட்டார் வண்டியில் வால் ஆடக்கூடும். மழையில் அதைக் குறைந்த அளவில் வைப்பது நல்லது.

ஆட்டோமேட்டிக் கியர் மழைக்கு மோசமா?

மோசம் இல்லை. தண்ணீரில் இறங்கும்போது மட்டும் மேனுவல் நிலைக்கு மாற்றி முதல் கியரில் பிடித்துக்கொள்ளுங்கள், தானாக இரண்டாம் கியருக்குப் போகாமல்.

மார்கழிக் காலையில் மூடுபனி. ஹை பீம் போட்டும் எதுவும் தெரியவில்லையே?

ஹை பீம் போட்டதால்தான் தெரியவில்லை. பனித்துளியில் பட்டு வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பி வருகிறது. லோ பீமும், இருந்தால் ஃபாக் லைட்டும் போதும். நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓடுவது நம் பக்கம் பரவிவிட்ட பழக்கம். நிற்கிறீர்களா, ஓடுகிறீர்களா, எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாமல் போகும்.

கண்ணாடி உள்பக்கம் மங்கினால் ஏசியைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள். ஏசி ஈரத்தை எடுத்துவிடும். நம் கடலோரப் புழுக்கத்தில் சில நாள் வெளிப்பக்கம் மங்கும். கண்ணாடி ரொம்பக் குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம். வைப்பரை ஒரு தடவை போட்டு, ஏசிக் குளிரைக் குறையுங்கள்.

கரும்பு சீசனில் நெல்லிக்குப்பம் சாலை வழுக்குகிறதே?

வயலிலிருந்து ஏறுகிற டிராக்டர் சக்கரத்தில் ஒட்டிய களிமண் தார் மேல் உதிர்கிறது. மேலே காலைப் பனி இறங்கினால் போதும், சோப்பு மாதிரி ஆகிவிடும். கரும்புத் தோகை கிடந்தாலும் அப்படியே. தையில் காயப்போட்ட நெல்லின் மேல் பிரேக் போட்டால் டயருக்குக் கீழே மணிகள் உருளும். ஏபிஎஸ் கடகடவென்று அடிக்கும், வண்டி நிற்காது. இதில் முன் வீல், பின் வீல் என்ற வித்தியாசம் எதுவும் இல்லை. தூரத்திலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, அதன் மேல் போகும்போது பிரேக்கும் திருப்பமும் இல்லாமல் உருட்டிக்கொண்டு போங்கள்.

தேவனாம்பட்டினம் மணலில், ஆரோவில் செம்மண்ணில் சிக்கிக்கொண்டால்?

சாதாரண டிஃபரன்ஷியல், சுலபமாகச் சுற்றுகிற சக்கரத்துக்கே சக்தியை விடும். ஒரு சக்கரம் சேற்றில் சுற்றும், மற்றது சும்மா நிற்கும். ஆக்சிலரேட்டரை அமுக்க அமுக்கப் பள்ளம்தான் ஆழமாகும். டிராக்ஷன் கண்ட்ரோல் பொத்தானை அணைத்துப் பாருங்கள், இரண்டாம் கியரில் மெதுவாகக் கிளப்புங்கள், இழுக்கிற சக்கரத்துக்கு முன்னால் மிதியடியோ தென்னை மட்டையோ போடுங்கள். மணல் என்றால் டயர் காற்றை 18 பிஎஸ்ஐ பக்கம் இறக்கினால் நல்ல பலன் இருக்கும்; தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி நிரப்பாமல் வேகமாகப் போகக் கூடாது.

டிசம்பர் விடுமுறைக்கு ஊட்டி, கொல்லிமலை போகிறோம். சின்னக் கார் போதுமா?

போதும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரி விடியலில் உறைபனி விழும், புல்வெளியும் காரின் கண்ணாடியும் வெளுத்திருக்கும். சாலையில் நிழலான வளைவுகளில் மட்டும் ஈரம் உறைந்திருக்கலாம். வெயில் ஏறிய பிறகு கிளம்பினால் அந்தக் கவலையும் இல்லை. கண்ணாடியில் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விட்டுவிடும்.

உண்மையான சோதனை இறக்கத்தில். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி ஒரு கட்டத்தில் பிடிக்காது. மின்சாரக் கார்க்காரர்கள் மலை உச்சியில் நூறு சதவீதம் சார்ஜ் செய்துவிட்டு இறங்கக் கூடாது. பேட்டரியில் இடம் இல்லை என்றால் மோட்டார் பிரேக் வேலை செய்யாது.

மணாலிக்குச் சொந்தக் காரிலேயே போகத் திட்டம். பனியில் எப்படி?

இங்கிருந்து கிளம்பும் முன் ரேடியேட்டரைப் பாருங்கள். நம் ஊர் வெயிலுக்குப் பழகி வெறும் தண்ணீர் ஊற்றி வைத்திருப்போம். அங்கே அது உறைந்து இன்ஜின் பிளாக்கையே பிளக்கும். கூலண்ட் பாதி, காய்ச்சி வடித்த தண்ணீர் பாதி கலந்தால் மைனஸ் 30-க்கும் கீழே தாங்கும். டீசல் வண்டி என்றால் டேங்கில் நம் ஊர் டீசலோடு மேலே ஏறாதீர்கள். கடுங்குளிரில் டீசலில் உள்ள மெழுகு உறைந்து ஃபில்டரை அடைக்கும். லடாக்குக்கென்றே மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் 2019-இல் கொண்டுவந்தது.

2020-இல் திறந்த அடல் சுரங்கப் பாதையைத் தாண்டினால் பனி கெட்டியாக இருக்கும். சக்கரத்தில் சங்கிலி கட்ட வேண்டும், இழுக்கிற சக்கரத்தில்: ஸ்விஃப்ட்டுக்கு முன்னால், கிரிஸ்டாவுக்குப் பின்னால். சங்கிலியோடு 50 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக் கூடாது, பனி இல்லாத தாரில் கழற்றிவிட வேண்டும். இரவு நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஈரமான ஹேண்ட் பிரேக் உறைந்து பிடித்துக்கொள்ளும். பனிக்கட்டியில் நிற்கிற தூரம் பத்து மடங்கு வரை போகும். பழக்கமில்லாதவர்கள் அந்தக் கடைசிப் பகுதிக்கு உள்ளூர் டாக்சி எடுப்பதுதான் என் யோசனை.

கனடாவில் இருக்கிற மகன் ஆல் வீல் டிரைவ் வாங்கிவிட்டான், விண்டர் டயர் வேண்டாம் என்கிறான். சரியா?

தம்பியிடம் சொல்லுங்கள், வேண்டும். சுமார் 7 டிகிரிக்குக் கீழே சாதாரண டயர் ரப்பர் இறுகத் தொடங்கும். குளிர்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மெத்தென்று இருக்கும், அதனால் பனியைப் பிடிக்கும். குளிர்கால டயர் போட்ட சாதாரண முன் வீல் டிரைவ் கார், சாதாரண டயர் போட்ட ஆல் வீல் டிரைவைவிடக் குறைந்த தூரத்தில் நிற்கும். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டப்படியே கட்டாயம். டயரின் பக்கத்தில் மூன்று சிகரமும் நடுவில் ஒரு பனிப்பூவும் வரைந்த குறி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நாலு சக்கரத்துக்கும் போட வேண்டும், இரண்டுக்கு மட்டும் போட்டால் மற்ற இரண்டும் வழுக்கும்.

மழைக்காலம் முடிந்த பிறகு வண்டிக்கு என்ன செய்ய வேண்டும்?

அடிப்பாகத்தைக் கழுவுங்கள். மேல்நாட்டில் பனியைக் கரைக்கச் சாலையில் உப்பு தூவுவார்கள், அது காரின் அடியைத் தின்னும். நமக்கு அந்த உப்பைக் கடல்காற்றே கொண்டுவந்து தருகிறது, அதன் மேல் மூன்று மாதச் சேறும் ஒட்டியிருக்கிறது. சர்வீஸ் ஸ்டேஷனில் லிஃப்டில் தூக்கி, சக்கர வளைவுக்குள்ளேயும் சைலன்சர் இணைப்புகளிலும் நல்ல தண்ணீரைப் பீய்ச்சச் சொல்லுங்கள். கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடிகிற சின்னத் துளைகள் சேற்றால் அடைபட்டிருக்கும், ஈர்க்குச்சியால் குத்தி விடலாம். உள்ளே மிதியடிக்குக் கீழே கையை வைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் கார்ப்பெட்டைத் தூக்கி ஒரு முழு நாள் தை வெயிலில் காயவிடுங்கள். பல வண்டிகளில் அதற்கு அடியில்தான் வயர்கள் ஓடுகின்றன.